நாலாவது வண்டி

என் தம்பிக்கு வேலை போன பிறகும் நான் அதே கோடவுனில், அதே திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரோஷம் உள்ளவள் என்றால் அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கு ரோஷம் நிறையவே உண்டு. வாடகை வீடும் உண்டு. இரண்டில் வாடகை வீடுதான் ஜெயித்தது.

கோடவுன் பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற பெரிய சாலையின் ஓரத்தில் இருக்கிறது. மக்காச்சோளக் கோடவுன். குன்னம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைகிற சோளம் தை, மாசியில் லாரி லாரியாக வந்து இறங்கும். அதை மூட்டை பிடித்து, பலகை மேல் அட்டி அட்டியாக அடுக்கி வைத்து, வருஷம் முழுக்கக் கோழித் தீவன ஆலைகளுக்கு அனுப்புவோம். நான் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். தம்பி மூட்டைகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். நான்கு வண்டி, நான்கு ஆட்கள். அவனுடையது நாலாவது வண்டி. அவனை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான் என்று இருந்தோம். அப்புறம் அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். எனக்கு யாரும் வரவில்லை. என் வாய்க்கு எவன் வந்திருந்தாலும் ஆறு மாசத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பான் என்று தம்பி சொல்வான். அது உண்மைதான்.

ஒரு அறுவடை முடிந்த சமயம், சென்னையிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். சின்ன வயசு. மூட்டை தூக்குகிறவர்களைக்கூட சார் என்றுதான் கூப்பிடுவார். அவர் கூட வந்தவர்கள் கூரையில் கேமரா மாட்டினார்கள். அட்டிகளுக்கு மேலே, கம்பியில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான வெள்ளைப் பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். அதில் சல்லடை மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டை. காற்றில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது பார்த்துச் சொல்லுமாம். வண்டிகளிலும் ஒவ்வொரு கருவி மாட்டினார்கள். எல்லாம் முடிந்து என் மேஜையில் ஒரு பெரிய திரையை வைத்தபோது, அதில் எங்கள் கோடவுன் இருந்தது. தூண், கதவு, அட்டி, அட்டிகளுக்கு நடுவே ஓடுகிற வண்டி என்று அச்சு அசலாக எங்கள் கோடவுன். வெளியே ஒரு வண்டி திரும்பினால் திரையில் உள்ள வண்டியும் திரும்பியது.

டிஜிட்டல் ட்வின் என்று இன்ஜினீயர் அதற்குப் பெயர் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்கள் ஒருநாள் கும்பலாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கோடவுனுக்கு ரெட்டப்புள்ள பொறந்துருக்குடா" என்றார்கள். "இந்தச் சின்னவன் சோறு திங்க மாட்டான், பீடி குடிக்க மாட்டான், கூலி கேக்க மாட்டான். மொதலாளிக்கு இனிமே இவந்தான் செல்லம்." நானும் சிரித்தேன்.

இது எதற்கு என்று நான் கேட்டேன். புரியாததைக் கேட்காமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

"நிஜ கோடவுன்ல ஒண்ணு செஞ்சு பார்த்து, அது தப்பாப் போச்சுன்னா நஷ்டம் மேடம்" என்றார் இன்ஜினீயர். "இதுல முதல்ல செஞ்சு பார்த்துக்கலாம். இந்த அட்டியை அங்க மாத்தினா என்ன ஆகும், ஃபேனை நிறுத்தினா எத்தனை மணி நேரம் தாங்கும்னு இதுகிட்டயே கேட்டுக்கலாம். கரன்ட் மிச்சம், பேட்டரி மிச்சம், பொருளும் வீணாகாது. சுற்றுச்சூழலுக்கும் நல்லது."

திரையின் மூலையில் ஒரு இலை இருந்தது. கரன்ட் செலவு குறையக் குறைய அது பச்சையாகும். கூடினால் மஞ்சளாகிவிடும். எங்கள் மேனேஜருக்கு அந்த இலைதான் குலதெய்வம். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். கூரை ஃபேன்களை ஓடவிடுவதும் நிறுத்துவதும் இனிமேல் கம்ப்யூட்டர் வேலை, எவனும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவிட்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அது நன்றாகத்தான் வேலை செய்தது. எந்த ஆலைக்கு எது அடிக்கடி போகிறதோ அந்த அட்டியை வாசல் பக்கம் கொண்டுவரச் சொன்னது, கொண்டுவந்தோம். வண்டிகள் வெறுமனே ஓடுகிற ஓட்டம் பாதியாகக் குறைந்தது. முன்பெல்லாம் இரண்டு வண்டி ஒரே சந்தில் எதிரெதிரே நின்றுகொண்டு நீ பின்னால் போ, நான் போக மாட்டேன் என்று சண்டை போடும். அதெல்லாம் நின்றது. கரன்ட் பில்லைப் பார்த்து மேனேஜர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லத் தெரியாதவள் இல்லை நான்.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் தம்பிதான். சித்திரை வெயிலில் கோடவுன் தகரம் காய்ந்து கொதிக்கும். டீக்கு விடுகிற நேரத்தில் அவன் என் அறைக்கு வந்து ஏசிக்குக் கீழே நின்றுகொண்டு, "அக்கா, காலையில நான் ஓட்டுனத போடு" என்பான். திரையில் பின்னோக்கிப் போய் அன்று காலை ஓட்டத்தைப் போட்டுவிடுவேன். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி, நாலாவது வண்டி அட்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். அவன் டீயைக் குடிக்க மறந்து பார்ப்பான்.

"பாத்தியா, அந்த முக்குல எப்புடித் திருப்புறேன்னு? ஒரு மூட்டை உரசல."

"ஆமாண்டா, பெரிய ரதம் ஓட்டுற. டீ ஆறுது குடி."

"நாம வேலை செய்யுறத நாமளே பாக்குற பாக்கியம் யாருக்குக்கா கெடைக்கும்? அப்பா காட்டுல ஏர் ஓட்டுனாரு, அத யாரு பாத்தா?"

அவன் இப்படித்தான். எதையும் மேலே தூக்கி வைத்துக் கொண்டாடுவான். அவன் பெண்கள் இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து, வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து, அப்பா இதுதான் என்று திரையில் நாலாவது வண்டியைத் தொட்டுக் காட்டினான். மேனேஜருக்குத் தெரிந்தால் என்னைத்தான் திட்டுவார் என்று நான் கத்தினேன். ஆனாலும் போட்டுக் காட்டினேன்.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. எங்கள் கோடவுனில் அது பெரிய விசேஷம். தீபாவளிக்குக்கூட இத்தனை கலகலப்பு இருக்காது. முதல் நாளே தரையைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, வண்டிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு நிறுத்திவிடுவார்கள். பூஜையை எப்போதும் தம்பிதான் செய்வான். அவனுக்குக் கைராசி என்று ஒரு பேச்சு உண்டு. அவன் கையால் பூசணிக்காய் உடைத்தால் அந்த வருஷம் விபத்து நடக்காதாம். ஒரு வருஷமும் நடந்ததில்லை என்பதும் நிஜம். அன்று அவன் வேட்டி கட்டி, ஒரு குண்டான் நிறையச் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தான். வண்டிகளுக்கு வைத்தான். எடை மேடைக்கு வைத்தான். தையல் மெஷின், ஃபயர் பக்கெட், என் கம்ப்யூட்டர் எதையும் விடவில்லை. பூஜைக்கென்று வந்திருந்த இன்ஜினீயர் தன் லேப்டாப்பைத் தானே நீட்டி, "இதுக்கும் வைங்க சார்" என்றார்.

அப்புறம் தம்பி அண்ணாந்து பார்த்தான்.

"எல்லாத்துக்கும் வெச்சாச்சு. மேல தொங்குறதுக்கு யாரு வெப்பா? நம்ம எல்லாத்தையும் கண்ணு மாதிரி பாத்துக்குறது அதுங்கதானே. வுட்டுட்டா கோவிச்சுக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆள் ஏறுகிற கூண்டை ஒரு வண்டியின் முன்னால் மாட்டி, இன்னொரு ஆப்பரேட்டர் அவனை மேலே தூக்கினார். ஒரு கையில் குண்டான், இன்னொரு கையில் குங்குமம். ஒவ்வொரு பெட்டியாகப் போய், ஓட்டை இருக்கிற முகத்தில்தான், ஏனென்றால் அதுதானே முகம், மூன்று விரலால் இழுத்து அழுத்திப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தான். கீழேயிருந்து மேனேஜர், "நல்லாப் பெருசா வைப்பா, போட்டோவுல தெரியணும்" என்றார். நான்தான் போட்டோ எடுத்தேன். மேனேஜர் அதைக் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டார். மேலிடத்தில் இருந்து எத்தனை கும்பிடு பொம்மைகள் வந்தன! இயந்திரத்தையும் மதிக்கிற நம் பண்பாடு என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் பொரியும் கடலையும் சுண்டலும் தின்றுவிட்டு, வண்டிச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, வீட்டுக்குப் போனோம். வேண்டாம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை மாட்டினவருக்கே தோன்றவில்லை.

சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை வந்தால் சந்தோஷப்படுகிற ஊர். அந்த வருஷம் நின்று பெய்தது. சுவரெல்லாம் வேர்த்தது. என் அறையில் உள்ள காகிதம்கூட நமத்துப்போய்விட்டது. திரையில் மட்டும் எல்லாம் சுகமாக இருந்தது. ஈரம் சரியான அளவு, சூடு சரியான அளவு, ஃபேன் ஓட வேண்டிய அவசியமில்லை. இலை பச்சைப் பசேல் என்று இருந்தது. இத்தனை மழையிலும் கரன்ட் இவ்வளவு மிச்சமா என்று மேலிடத்தில் பாராட்டு வந்தது. காய்ந்து இறுகின சந்தனத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு அந்தப் பெட்டிகள் பூஜையன்று இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன என்று அப்புறம்தான் தெரிந்தது.

தீவன ஆலையிலிருந்து ஒரு லாரி திரும்பி வந்தது. அடுத்த நாள் இன்னொன்று. பின்சுவர் ஓரத்து அட்டிகளைப் பிரித்தபோது நானும் போய் நின்றேன். மூட்டைக்குள் கையை விட்டேன்; அப்போதுதான் வடித்த சோற்றுப் பானைக்குள் விட்ட மாதிரி சுட்டது. சோளம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. கோழிக்குக்கூடப் போட முடியாது என்றார்கள். அட்டி அட்டியாக இழுத்து வெளியே மழையில் கொட்டினார்கள். தம்பிதான் கொட்டினான், நாலாவது வண்டியில். ஒவ்வொரு தடவை கொட்டிவிட்டு வரும்போதும் அவன் முகம் செத்துப்போய் இருந்தது. அதற்குள் மேலே ஏறிப் பார்த்த எலக்ட்ரீஷியன், ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேனேஜரிடம் காட்டிவிட்டார். கல் மாதிரி காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பது அதுதான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. சென்னையில் மூன்று பேர், இங்கே மேனேஜர், நான், தம்பி. நான் எடுத்த போட்டோவையே திரையில் பெரிதாக்கிப் போட்டார்கள். அதற்குக் கும்பிடு போட்டவர்தான் இப்போது கேள்வி கேட்டார். பொறுப்பில்லாத செயல் என்றார். கருவியைச் சேதப்படுத்தியது என்றார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அன்று தலைக்கே ஏறிவிட்டது. "பெருசா வைன்னு சொன்னது மேனேஜர் சார். லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சுக்கிட்டவரு இன்ஜினீயர் சார். பண்பாடுன்னு எழுதுனது நீங்க. சுண்டல் எல்லாருந்தான் தின்னோம். ஊரே மழையில ஊறுது, ஈரம் ஏறவே இல்லன்னு உங்க மெஷின் சொல்லுது, சென்னையில ஒருத்தருக்கும் சந்தேகம் வரலியா? இவன் ஒருத்தன்தான் ஆளா?" என்று கேட்டேன். மேனேஜர் மேஜைக்குக் கீழே காலால் என்னை இடித்தார்.

தம்பிதான் பேசினான். "அக்கா, வுடு" என்றான். பிறகு திரையைப் பார்த்து, "ஆமாங்க சார். நான்தான் வெச்சேன். யாரும் வெக்கச் சொல்லலீங்க, நானாத்தான் ஏறி வெச்சேன்" என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். பழியும் பாவமும் சேர்ந்து ஒரே ஆள் தலையில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவன் இரண்டு மாசம் வீட்டில் கிடந்தான். பேச்சு நின்றுபோனது. நான் போனால் தின்பண்டம் வாங்கிப்போனதற்குக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவன் பெண்டாட்டி என்னிடம் தனியாக, "அண்ணி, வெள்ளிக்கெழம சாமி படத்துக்குப் பொட்டு வெக்கச் சொன்னா வெக்க மாட்டேங்குறாரு. ஏங் கை ஆவாத கைங்குறாரு" என்று சொல்லி அழுதாள். ஒருநாள் அவனே வாயைத் திறந்து, "அந்தச் சோளம் எத்தன பேரு ஒழப்புக்கா. மழையில கெடந்து மொளவிட்டு நாறுச்சே" என்றான். அது கம்பெனி காசு கொடுத்து வாங்கினதுடா, உனக்கென்ன என்று நான் சத்தம் போட்டேன். சோளத்துக்காக அழுகிறவனுக்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பிறகு அரியலூர் பக்கம் போய், சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரியில் டிரைவராகச் சேர்ந்தான். வாரத்துக்கு ஒருதடவைதான் வீடு. புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி. கோடவுனில் ஒரு மூட்டை உரசாமல் ஓட்டினவன், அங்கே நடைக்கு இவ்வளவு என்கிற கூலிக் கணக்குக்காகக் குழிக்கும் மேட்டுக்கும் லாரியை விரட்டினான்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் வேலைக்குப் போய் வந்தேன். நாலாவது வண்டிக்கு அவர்கள் ஆள் எடுக்கவில்லை. அது உறை போட்டபடி சுவர் ஓரமாக நின்றது. மேனேஜரிடம் கேட்டால், "பார்க்கலாம்மா, சூடு ஆறட்டும்" என்பார். நான் அதை நம்பினேன். இவன் இடத்தை இவனுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், கொஞ்ச நாள் தண்டனை மாதிரி வெளியே நிறுத்திவிட்டு அப்புறம் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தம்பியிடமும் சொன்னேன். "வண்டி சும்மாதாண்டா நிக்குது. ஒனக்காகத்தான்" என்றேன். அவன் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டான். நானும் அவன் பெண்டாட்டியும் அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தோம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் சுற்றறிக்கை வந்தது: கருவிகள் எதற்கும் எதையும் பூசக் கூடாது. வெள்ளைப் பெட்டிகளுக்கு மூடி போட்ட புது மாதிரியை மாட்ட இன்ஜினீயர் மறுபடி வந்தார். அதே பணிவு. எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். நான் அதை மேஜையில் வைத்துவிட்டு, வேலை முடிந்து அவர் பையைக் கட்டுகிற நேரம் பார்த்துக் கேட்டேன்.

"சார், என் தம்பி விஷயம். ஒரு வருஷம் ஆயிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை மேல சொன்னா கேப்பாங்க. வண்டி சும்மாதான் நிக்குது."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதை நான் மறுக்க மாட்டேன்.

"அது கஷ்டம் மேடம். நாலாவது வண்டியே தேவையில்லையே. மூணு போதும்னு அப்பவே தெரிஞ்சதுதானே?"

"எப்ப?"

"ட்வின் போட்ட உடனே, ஏப்ரல்ல. ஒரு வண்டியை எடுத்துட்டா என்ன ஆகும்னு ஓட்டிப் பார்த்தோம். ஒண்ணும் ஆகலை. லோடு ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போகலை. அதுலயும் நாலாவது வண்டியை எடுத்தாத்தான் பேட்டரி செலவு நல்லாக் குறையுது. மேல அப்பவே ஓகே பண்ணிட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னுதான் தள்ளிப்போட்டுட்டு இருந்தாங்க." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "சந்தனம் இல்லேன்னாலும் போயிருக்கும் மேடம். அவரை வருத்தப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

கத்துவேன் என்று நினைத்தேன். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்ஜினீயர் வணக்கம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். திரையில் மூன்று வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றும் குறையவில்லை. அவனுடைய இடம் காலியாக இருந்ததை நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தேனே, அப்படி ஓர் இடமே இல்லை. இனி அவனுக்கு இங்கே வேலை கிடையாது என்பது அன்று சாயங்காலம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஆனாலும் பஸ்ஸில் போகும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வேலை போனது போனதுதான். ஆனால் பழி அவனுடையது இல்லை. கைராசி கெட்டுப்போகவில்லை. அவன் சந்தனமே வைக்காமல் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். இதைச் சொன்னால் அவன் நிமிர்ந்து உட்காருவான், ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவான், வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பான். நல்ல சேதி கொண்டுபோகிறவள் மாதிரி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்காமல், மறுநாள் லீவு போட்டு அரியலூருக்குப் போனேன்.

லாரிகள் வரிசையில் நிற்கிற இடத்தில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். அவன் லாரிக்கு முன்னால் இன்னும் நாலைந்து லாரி நின்றன. என்னைப் பார்த்ததும் பயந்துபோனான்.

"என்னக்கா, புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எல்லாரும் நல்லாருக்காங்கடா. டீ குடி. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். இன்ஜினீயர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏப்ரலிலேயே தெரியுமாம், சந்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம், ஒரு சாக்குதானாம். "பாவிப் பயலுவ, ஒன் தலையில கட்டி அனுப்பிட்டானுவ. நீ ஒரு தப்பும் பண்ணலடா" என்றேன்.

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். நான் நினைத்த மாதிரி நிமிரவில்லை.

"ஏப்ரல்லியா?"

"ஆமாண்டா."

"ஏப்ரல்னா சித்திர மாசம்." அவன் குரல் மெதுவாகத்தான் வந்தது. "அந்தத் திரையில நான் ஓட்டுறத பாக்க வந்து வந்து நிப்பேனே, அப்பவா?"

நான் தலையசைத்தேன்.

"புள்ளைங்கள கூட்டியாந்து காட்டுனேனே. அப்பவே அது என்னைய வேண்டான்னுடுச்சாக்கா? அது தெரியாமயா நான் அங்க நின்னு, முக்குல எப்புடித் திருப்புறேன் பாருன்னு ஒங்கிட்ட பீத்திக்கிட்டிருந்தேன்?"

"டேய்..."

"வேணாங்க்கா." அவன் கையைக் கூப்புகிற மாதிரி எடுத்தான், ஒரு வருஷமாக அவன் கை கூப்பி நான் பார்க்கவில்லை. "நான் தப்பு பண்ணேன், அதனால போச்சு. புள்ளைங்ககிட்டயும் அப்புடித்தான் சொல்லிருக்கேன். அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன், அதுக்கு முந்தி நல்லா ஓட்டுனேன்னு. அத வுட்டுடு. அது ஒண்ணுதான் இருக்கு."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். தம்பி எழுந்திருக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காதே என்று கேட்பதற்கு அவன் இப்படித்தான் பார்ப்பான். அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் யாருக்காகவும் நான் வாயை மாற்றிப் பேசினதில்லை. அன்று பேசினேன்.

"எனக்குத்தான் சரியாப் புரிஞ்சிருக்காதுடா. அந்த ஆளு இங்கிலீஷும் தமிழுமாப் பேசுனாரு. அது வேற ஏதோ கோடவுனப் பத்தி இருக்கும்" என்றேன்.

"அப்ப எதனால போச்சு?"

"சந்தனத்தாலதாண்டா" என்றேன். "நீ பண்ண தப்பாலதான்."

அவன் தலையை ஆட்டிவிட்டு, லாரியில் ஏறினான்.